பாறைத் தூள் புகைக்கு ஈடாகாது

ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்கிறார்கள். எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் பாறையை மாவாக அரைத்து வயலில் தூவ வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு பிடிபடும், களைத்துப்போன மண் தேறும், விவசாயிக்கு ஒரு பைசா செலவில்லை. செலவை ஏற்பவை, தங்கள் புகைக் கணக்கைச் சரிக்கட்ட விரும்பும் பெரிய நிறுவனங்கள். 2025 ஏப்ரலில், இந்தியாவின் சிறு நெல் விவசாயிகளின் வயல்களில் இதைச் செய்துவரும் மாட்டி கார்பன் நிறுவனம் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசை வென்றது. மேற்கு வங்கத்தில், டார்ஜிலிங்கில் வேர்கொண்ட ஆல்ட் கார்பன் நிறுவனம் ராஜ்மஹால் குன்றுகளின் பசால்ட் தூளை வட வங்கத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறது. வணிகப் பத்திரிகைகளும் காலநிலைக் கருத்தரங்குகளும் இதை யாருக்கும் நஷ்டமில்லாத வழி என்றே எழுதுகின்றன, பேசுகின்றன.

நஷ்டம் இருக்கிறது. அது யார் தலையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பாறைத் தூளை மண்ணுக்கு மருந்தாக ஆராய்வதில் எனக்கு மறுப்பில்லை. எங்கோ வெளியேறும் ஒரு டன் புகைக்கு இது ஈடு என்று சான்றிதழ், அதாவது கார்பன் கிரெடிட், எழுதி விற்பதைத்தான் மறுக்கிறேன்.

எதிர்த்தரப்பின் பலமான பகுதியை முதலில் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இதன் வேதியியல் சரியானது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மண்ணில் இறங்குகிறது. கால்சியமும் மக்னீசியமும் கொண்ட சிலிக்கேட் பாறையை அது அரிக்கும்போது, வாயு பைகார்பனேட்டாக மாறித் தண்ணீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகள் தங்குகிறது. இமயமலை எழுந்து அதன் பாறைகள் அரிக்கப்பட்டதே பூமியைக் குளிரவைத்தது என்று ஆய்வாளர்கள் மோரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் 1992இல் எழுதிய கருதுகோள் இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஹவுரா பாலத்துக்குக் கீழே ஓடும் ஹூக்ளி, அந்த மலைகளின் கரைந்த பகுதியை இன்றும் கடலுக்குச் சுமந்துபோகிறது. பாறையைப் பொடித்தால் தண்ணீர் தொடும் பரப்பு பன்மடங்காகும், சிதைவும் விரைவாகும். ஆய்வாளர் டேவிட் பீர்லிங்கின் குழு 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, உலகின் விளைநிலங்களில் இப்படி ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி டன் வரை கரியமில வாயுவை அகற்ற முடியும் என்று மதிப்பிட்டது. அதிக வாய்ப்புள்ள நாடுகளில் இந்தியாவையும் அது சேர்த்தது. வெப்பமும் மழையும் மிகுந்த வங்கத்தில் பாறை வேகமாகக் கரையும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பே.

இனி அளவைப் பார்ப்போம். ஒரு டன் பசால்ட் முழுதாகக் கரைந்தால்கூட ஏறக்குறைய 0.3 டன் கரியமில வாயுவைத்தான் பிடிக்கும். அது கோட்பாட்டு உச்சவரம்பு. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இந்த வழியில் அகற்ற வேண்டுமென்றால் ஆண்டுதோறும் 100 கோடி டன் பாறையை வெட்டி, மாவாக்கி, லாரியில் ஏற்றி, வயலில் கொட்ட வேண்டும், அது ஒரு துகள் மிச்சமில்லாமல் கரையவும் வேண்டும். இந்தியா முழுவதும் ஓராண்டில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரியின் அளவே 2024-25இல்தான் 100 கோடி டன்னைத் தாண்டியது. நிலக்கரித் துறைக்கு நிகரான இன்னொரு சுரங்கத் துறையை உருவாக்கினால், நாட்டின் புகையில் பத்தில் ஒன்று ஈடாகலாம். குவாரியில் கிடக்கும் கழிவுத் தூளைத்தான் பயன்படுத்துகிறோம், புதிதாக எதையும் வெட்டவில்லை என்பவர்கள் இன்றைய சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறார்கள். காலநிலையைக் காப்பாற்றும் வழி என்று இதை விளம்பரப்படுத்துகிறவர்கள் பேசுவது கோடி டன்களைப் பற்றி. அந்த அளவுக்குக் கழிவுத் தூள் எந்தக் குவாரியிலும் கிடக்கவில்லை.

இந்தக் கணக்கை ஒரே குழியில் நிறுத்திப் பார்க்க மேற்கு வங்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. வீர்பூம் மாவட்டத்தில் முகமது பஜார் வட்டாரத்திலுள்ள தேவ்சா-பாச்சாமி. அங்கே பெரும் நிலக்கரிப் படுகை, கனத்த பசால்ட் அடுக்குக்கு அடியில் புதைந்திருக்கிறது. நிலக்கரியை எடுக்க முதலில் பசால்ட்டை எடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில், உள்ளூர் ஆதிவாசிகளின் எதிர்ப்புக்கு நடுவே, அந்த வேலை தொடங்கியது. மாநில அரசு சொல்லும் கையிருப்பு 124 கோடி டன் நிலக்கரி, 260 கோடி டன் பசால்ட். நிலக்கரி முழுவதும் எரிந்தால், ஒரு டன்னுக்கு ஒன்றரை டன் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 186 கோடி டன் கரியமில வாயு வெளியேறும். அதன் தலைமேல் இருக்கும் பசால்ட் அனைத்தையும் அரைத்துத் தூவி, எல்லாம் முழுதாகக் கரைந்தாலும் பிடிபடுவது 78 கோடி டன். பாதிகூட ஈடாகவில்லை. பாறையை வெட்டும், அரைக்கும், ஏற்றிப்போகும் டீசலையும் மின்சாரத்தையும் இதில் நான் கழிக்கவில்லை. நிலக்கரி எரிந்து முடிவது சில பத்தாண்டுகளில். பாறை கரைந்து முடிவது எப்போது என்று உறுதி கூற யாராலும் முடியாது.

தேவ்சா-பாச்சாமிப் பாறை இன்று கார்பன் கிரெடிட்டாக விற்கப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. நாளை விற்கப்பட்டால், அந்தக் கல் எந்தக் குழியிலிருந்து வந்தது, அந்தக் குழியின் அடியில் என்ன இருந்தது என்று கேட்கும் கடமை அரசுக்கு இருக்க வேண்டும் என்கிறேன். அரைக்கும் செலவையும் போக்குவரத்துப் புகையையும் கழித்துவிட்டுத்தான் கிரெடிட் தருகிறோம் என்று கிரெடிட்டைப் பதிவு செய்யும் பதிவகங்கள் கூறுகின்றன. அது உண்மை. ஆனால் ஒரு டன் கல்லை நகர்த்தியதால் திறந்துகொண்ட நிலக்கரிப் படுகையின் புகை, எந்த வயலின் கணக்கில் கழிக்கப்படும்?

அடுத்தது அளவீடு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 2,000 டன். அதில் 20 டன் தூள் போட்டால் அது நூற்றில் ஒரு பங்கு. கொஞ்ச நாள் கழித்து அந்த ஒரு பங்கில் எவ்வளவு கரைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி மண், அந்தப் பக்கம் ஒரு பிடி மண் எடுத்தாலே கால்சியம் அளவு மாறும். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, போன ஆண்டு சாம்பல் கொட்டிய இடத்தில் வேறொன்று. எளிதில் கரையாத டைட்டானியம் போன்ற தனிமத்தை அடையாளமாக வைத்து, அதோடு ஒப்பிடும்போது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்கிறார்கள். நல்ல முறை அது, நேர்மையான ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஆனால் அது சொல்வது, பாறையிலிருந்து கால்சியம் வெளியேறியது என்பதை மட்டுமே. கரியமில வாயு பிடிபட்டதா என்பது வேறு கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு வங்கத்து மண்ணே சான்று. யூரியாவும் அம்மோனியம் உரங்களும் மண்ணில் மாறும்போது நைட்ரிக் அமிலம் உண்டாகிறது. உரம் கொட்டிக் கொட்டிப் புளித்துப்போன தேயிலைத் தோட்டத்தில் பாறைத் தூளைப் போட்டால், அதைக் கரைப்பதில் நைட்ரிக் அமிலத்துக்கும் பங்குண்டு. அந்தப் பங்குக்குத் தூள் கரையும், காற்றிலிருந்து எதுவும் பிடிபடாது. தூள் கரைந்த வேகத்தைப் பார்த்து மகிழ்கிறவர் இதைப் பிரித்து அறிந்தாக வேண்டும். கங்கை வண்டல் படிந்த மாவட்டங்களில் சிக்கல் வேறு. மண் காரத்தன்மை கொண்ட இடங்களில் கரைந்த கால்சியம் மறுபடி சுண்ணாம்புக் கட்டியாகப் படியலாம். அப்படிப் படியும்போது, பிடிபட்ட கரியமில வாயுவில் பாதி திரும்பக் காற்றுக்கே போய்விடும். சான்றிதழில் எழுதிய அந்த ஒரு டன், வயலைத் தாண்டி, வாய்க்கால், கால்வாய், ஹூக்ளி, சுந்தரவனத்துக் கழிமுகம் எல்லாம் தாண்டிக் கடலை அடைய வேண்டும். அந்த வழி முழுவதற்கும் ஆள் வைத்து அளப்பது யார்? இன்று வயலின் மேல் ஓரடி மண்ணில் அளந்து, மிச்சத்தைக் கணினி மாதிரியால் ஊகித்து நிரப்புகிறார்கள்.

நன்றாக அளக்கப்பட்ட சோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பீர்லிங் குழு செய்து 2024இல் வெளியிட்ட சோதனை. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 டன் வீதம் நான்கு ஆண்டுகள் தூவினார்கள், மொத்தம் 200 டன். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியது. அகற்றப்பட்ட கரியமில வாயு ஹெக்டேருக்குச் சுமார் 10.5 டன், அதிலும் 3.8 டன் கூடலாம், குறையலாம். அதாவது அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு டன் வாயுவுக்கு ஏறக்குறைய 20 டன் பாறை செலவாகியிருக்கிறது. மிச்சம் பிறகு மெல்லக் கரையும் என்பார்கள், கரையலாம். ஆனால் வாங்குகிறவரின் புகை இன்றே காற்றில் கலந்து இன்றே சூடேற்றுகிறது. பேரன் காலத்தில் வரக்கூடிய வரவைக் காட்டி இன்றைய கடன் அடைந்தது என்று எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சரி, விவசாயிக்காவது லாபம்தானே என்பார்கள். இல்லினாயில் விளைச்சல் கூடியதை நான் மறைக்கவில்லை. பசால்ட்டில் கால்சியம், மக்னீசியம், கொஞ்சம் பாஸ்பரஸ், நெல்லுக்கு வேண்டிய சிலிக்கான் எல்லாம் உண்டு. புருலியா, பாங்குரா, ஜார்கிராம் போன்ற செம்புரைப் பகுதிகளின் புளித்த மண்ணுக்கு அது நன்மை செய்யக்கூடும். ஆனால் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது வேளாண் அலுவலர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வைத்தியம். ஏக்கருக்குச் சில மூட்டைச் சுண்ணாம்பு செய்யும் வேலைக்கு லாரி லாரியாகப் பாறைத் தூள் வேண்டுமா என்பதை, சுண்ணாம்பிட்ட வயலையும் தூளிட்ட வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். எதுவும் போடாத வயலோடு மட்டும் ஒப்பிட்டு விளைச்சல் கூடிவிட்டது என்பது விவசாயிக்குச் சொல்லும் பதில் ஆகாது. தேயிலையோ புளிப்பு மண்ணையே விரும்பும் செடி. கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழிக்கும். அளவு மீறிப் போட்டு மண்ணின் புளிப்பைப் போக்கிவிட்டால் தோட்டம் தேறாது, வாடும். ஒருமுறை தூவிய தூளை மண்ணிலிருந்து திரும்ப அள்ளவும் முடியாது.

வங்க டெல்டாவில் இந்தத் திரும்ப முடியாமை உயிர்ப் பிரச்சினை. 1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, நிலத்தடி நீரிலிருந்த ஆர்செனிக்கால் நோயுற்றவர்களை முதன்முதலில் அடையாளம் கண்டார். மால்டா, முர்ஷிதாபாத், நதியா, 24 பர்கானா மாவட்டங்களில் அந்த நஞ்சு இன்றும் தொடர்கிறது. கோடையில் போரோ நெல்லுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சும்போது ஆர்செனிக்கும் வயலுக்கு வருகிறது. மண்ணில் அது இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மண்ணின் காரத்தன்மை கூடினாலும் பைகார்பனேட் பெருகினாலும் அந்தப் பிடி தளரலாம். பாறைத் தூள் செய்யும் வேலையே இந்த இரண்டையும் கூட்டுவதுதான். இன்னொரு பக்கம், சிலிக்கான் கூடினால் நெற்பயிர் ஆர்செனிக்கை உறிஞ்சுவது குறையும் என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு, ஏனென்றால் இரண்டும் வேரில் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன. எந்த விளைவு மேலோங்கும் என்பது அந்தந்த மண்ணையும் நீரையும் பொறுத்தது. சோற்றில் நஞ்சு கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு, அந்த வயலிலேயே பல போகம் அளந்து பார்க்காமல் பதில் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தூள் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ராம்பூர்ஹாட், நல்ஹாட்டி, ஜார்கண்டின் பாகூர், சாஹிப்கஞ்ச் என்று ராஜ்மஹால் பாறைப் பகுதி நெடுகக் கிரஷர்கள். கொல்கத்தாவின் அடுக்குமாடிகள் எழுந்தது அங்கிருந்து வரும் கறுப்பு ஜல்லியால். கிரஷர் ஓடும் ஊரில் பனையோலையின் பச்சை தெரியாது, சாம்பல் பூத்துக் கிடக்கும். முகத்தில் காம்ச்சாத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கூடையில் அள்ளிக் கொட்டும் பெண்களில் பலர் சந்தால் குடும்பத்தினர். ஜல்லிக்கே இந்த நிலை. கார்பன் பிடிக்க வேண்டிய தூள் இன்னும் நுண்ணியதாக இருக்க வேண்டும். எவ்வளவு நுண்மையோ அவ்வளவு விரைவாகக் கரையும், அவ்வளவு ஆழமாக நுரையீரலுக்குள்ளும் இறங்கும். பசால்ட்டில் தனிச் சிலிக்கா குறைவு, எனவே குவார்ட்ஸ் தூசி அளவுக்கு ஆபத்து இல்லை என்பது சரியே. ஆனால் கல் தூசியைக் கண்காணிக்கும் திறமை நம் நிர்வாகத்துக்கு எவ்வளவு என்பதற்கு வடக்கு 24 பர்கானாவின் மினாகான் வட்டாரம் சாட்சி. 2009இல் ஐலா புயல் வயல்களில் உப்பு நீரை ஏற்றிய பிறகு, கோவால்தஹா ஊரிலிருந்து ஆண்கள் ஆசன்சோல் பக்கத்துக் கல்லரைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். சிலிக்கோசிஸ் நோயோடு திரும்பி, இளம் வயதில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். காலநிலையால் வாழ்விழந்தவர்கள் தூசியால் உயிரிழந்த மாநிலம் இது. காலநிலையின் பெயரால் இன்னும் நுண்ணிய தூசியைப் பெருக்குவதற்கு முன், அரைவை ஆலையின் காற்றை யார் அளப்பார், தூவும் கூலிக்கு முகமூடி யார் தருவார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் எழும் கேள்வி, அதில் கையெழுத்திடுவது யார்? பணக்கார நிறுவனங்களின் பணம் ஏழை விவசாயிக்கு வருகிறது, இது காலநிலை நீதி என்று வாதிடுகிறார்கள். 2023 டிசம்பரில், ஸ்டிரைப், ஆல்ஃபபெட், மெட்டா போன்றவை சேர்ந்து தொடங்கிய ஃபிரண்டியர் அமைப்பு, அமெரிக்காவின் லித்தோஸ் நிறுவனத்திடம் 1,54,240 டன்னுக்கு 5.71 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது. டன்னுக்குச் சுமார் 370 டாலர். அந்த விலை பேசப்படும் சந்தையில் விவசாயிக்கு இலவசத் தூள்தான் பங்கு என்றால் அதை நீதி என்று அழைக்கக் கூடாது. நிலம் அவருடையது, மழை அவர் வயலில் பெய்தது, உழைப்பும் ஆபத்தும் அவருடையவை.

வங்கத்தில் "அவர்" யார் என்பதே சிக்கல். 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா, 14 லட்சத்துக்கும் அதிகமான பர்காதார்களை, அதாவது வாரத்துக்குப் பயிரிடுபவர்களை, பதிவேட்டில் ஏற்றியது. பதிவில்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் இன்றும் ஏராளம். தூளைத் தூவி, அதன் விளைவோடு வாழப்போவது பர்காதார். கிரெடிட்டை நிலத்தின் பெயரில் எழுதினால் பணம் பட்டாதாரருக்குப் போகும். தேயிலைத் தோட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. தலைமுறைகளாக அங்கே குடியிருக்கும் தொழிலாளர், வீட்டடி நிலத்துக்கே பட்டா கேட்டுப் போராடுகிறார். தோட்டத்து மண் பிடிக்கும் கார்பனில் அவருக்கு என்ன பங்கு? வால்பாறையையும் நீலகிரியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. இந்த வணிகம் நாளை அந்த மலைகளுக்கும் வரும்.

கடைசி வாதம், அவசரம். கரியமில வாயுவை அகற்றாமல் இனித் தப்ப முடியாது என்று ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியே 2022இல் சொல்லிவிட்டதே என்பார்கள். ஐபிசிசி சொன்னது, எல்லா வகையிலும் குறைத்த பிறகும் குறைக்க முடியாமல் எஞ்சும் புகைக்கு அகற்றல் தவிர்க்க முடியாதது என்று. விவசாயம், விமானம், சில ஆலைகள் போன்றவற்றின் மிச்சத்துக்கு. இன்று கிரெடிட் வாங்கும் நிறுவனம் அந்த மிச்சத்துக்கு வந்துவிட்டதா என்று விற்பவர் கேட்பதில்லை. வருங்காலத்தில் எஞ்சியதற்கு வேண்டிய அரிய மருந்தை, இன்று நிறுத்தக்கூடிய புகையைத் தொடர்வதற்குச் செலவழிக்கிறோம். அவசரம் என்று உண்மையாகவே நம்புகிறவர் முதலில் எரிப்பதைத்தான் குறைப்பார்.

செய்ய வேண்டியதைச் செய்யும் வசதி கொல்கத்தாவுக்கு உண்டு. கோல் இந்தியாவின் தலைமையகமும், 1851 முதல் இயங்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையகமும், தேயிலை வாரியமும் இந்த நகரத்தில்தான் இருக்கின்றன. நதியா மாவட்டத்து மோகன்பூரில் பிதான் சந்திரா வேளாண் பல்கலைக்கழகமும் ஐசர் கொல்கத்தாவும் அடுத்தடுத்து உள்ளன. செம்புரை, வண்டல், இமயமலையடித் தராய் என்று மண்வாரியாகப் பத்தாண்டுச் சோதனை வயல்களை அரசுப் பணத்தில் இவை நடத்தட்டும். சுண்ணாம்பும் தூளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வடிநீரும் தானியத்து ஆர்செனிக்கும் அளக்கப்பட்டு, முடிவுகள் வங்க மொழியில் பஞ்சாயத்துகளுக்கு வரட்டும். அதுவரை ஆர்செனிக் பாதித்த வட்டாரங்களில் வணிகத் தூவலை அனுமதிக்கக் கூடாது. உழுபவரின் கையெழுத்தும், விற்ற விலையில் அவருக்கு எழுத்துபூர்வமான பங்கும் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று மாநில அரசு ஆணையிட வேண்டும். நிலக்கரிக்காகப் பெயர்த்த பாறைக்கு எந்தக் கிரெடிட்டும் கிடையாது, எந்த நிலக்கரி நிறுவனமும் தன் புகையைப் பாறைத் தூளால் கழிக்க முடியாது என்று, 2023இல் தான் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் ஒன்றிய அரசு வெளிப்படையாக எழுத வேண்டும்.

தூள் நல்லது என்று தெரிந்தால் விவசாயிக்கு அதை உரமாகக் கொடுப்போம், மானியத்தோடு கொடுப்போம். புகையை நிறுத்தும் செலவு புகைவிடுபவருடையது. அந்தச் செலவை ஒரு பர்காதாரின் வயலில் இறக்கிவைக்கும் ஏற்பாட்டுக்கு அறிவியலின் பெயரிலோ ஏழைகளின் பெயரிலோ நாம் ஒப்புதல் தரக் கூடாது.